கேன்சலில் வந்தவருக்கு எந்த அட்டை?

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் வேலை பார்க்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்பீட்டை முதலாளி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை 1 முதல் இதுதான் விதி. அதற்கு முன் 15,000 வெள்ளியாக இருந்தது. 60,000 வெள்ளி என்பது இந்திய மதிப்பில் 35 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகை. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ போய் அங்கே கம்பி கட்டும் ஒருவருக்கு இப்படியொரு பாதுகாப்பு சொந்த ஊரில் ஒருநாளும் இருந்திருக்காது. ஆனால் அது அவரோடு ஒட்டியதில்லை, அவருடைய பெர்மிட்டோடு ஒட்டியது. பெர்மிட் ரத்தானால் காப்பீடும் போய்விடும். பெங்களூரு தேவனஹள்ளியில் விமானம் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அவர் வந்து சேரும்போது பெயருக்குக்கூட ஒரு காப்பீடு கையில் இருக்காது.

ஊர் திரும்புவோர் பணத்தை எப்படி அனுப்புவது, எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்றெல்லாம் மாதக்கணக்கில் கணக்குப் போடுகிறார்கள். ஒரு காப்பீடு முடியும் நாளுக்கும் அடுத்தது தொடங்கும் நாளுக்கும் நடுவில் விழும் இடைவெளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் அந்த இடைவெளியில் காத்திருப்பதில்லை. காகிதங்களை எந்த வரிசையில் முடிக்கிறோம், எந்த வரிசையில் தொடங்குகிறோம் என்பதை வைத்தே இந்த இடைவெளி பத்து நாளாகவோ மூன்று ஆண்டாகவோ ஆகிறது. அதை விளக்கிச் சொல்ல ஆளில்லாத மாவட்டங்களில் அது நீண்டுவிடுகிறது.

தருமபுரி அப்படிப்பட்ட மாவட்டம். ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர், திருச்சி போல இது வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டிய சீமை அல்ல. இந்த ஊர்க்காரர்களுக்கு முதல் வெளியூர் பெங்களூரு; அடுத்தது ஓசூரும் திருப்பூரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை 15 லட்சத்துக்குச் சற்று அதிகம், எழுத்தறிவு 68.5 விழுக்காடு, அதாவது தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டினரை ஏறக்குறைய 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அதில் தருமபுரியின் பங்கு சிறியது. சிறியது என்பதே சிக்கல். ராமநாதபுரத்து முதுகுளத்தூர்ப் பக்கம் ஒருவர் கேன்சலில், அதாவது விசாவை ரத்து செய்துகொண்டு, வந்தால், அவருக்கு முன்னால் அதே வழியில் வந்த பத்துப் பேர் தெருவிலேயே இருப்பார்கள். எந்தத் தாளை வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதை மாமனோ மச்சானோ சொல்லிவிடுவார். பாப்பிரெட்டிப்பட்டியில் ஊருக்கு ஒருவர், இருவர்தான் போயிருப்பார்கள். அவர்களுக்கு ஏஜென்ட் சொல்வதுதான் சட்டம். அந்த ஏஜென்ட்டும் அனுப்பும்போது பேசுவாரே தவிர, திரும்பும்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

முதலில் சிங்கப்பூரையே பார்க்கலாம். வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முதலாளி பெர்மிட்டை ரத்து செய்ய வேண்டும். பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்து ஊருக்கான டிக்கெட்டையும் எடுத்துத்தர வேண்டியது அவர் பொறுப்பு. இதுவரை பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. கோளாறு வருவது காயம்பட்டவர் விஷயத்தில். வேலையிடத்தில் கீழே விழுந்து முதுகிலோ கையிலோ அடிபட்டவரை, ஆறு வாரம் ஓய்வுக்குப் பிறகு 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்' என்று அனுப்பிவைக்கும் பழக்கத்தைப் பற்றி, புலம்பெயர் தொழிலாளர்களுக்காக அங்கே இயங்கும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகள் நீண்டகாலமாக எழுதிவருகின்றன. சட்டம் தொழிலாளியின் பக்கம்தான் இருக்கிறது. 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்கலாம். பெர்மிட் ரத்தாகிவிட்டாலும் அந்த உரிமை போகாது. விபத்தைப் பதிவு செய்யாமலும் மருத்துவ அறிக்கை கையில் இல்லாமலும் விமானம் ஏறியவருக்கு அந்த ஓராண்டு பாலக்கோட்டில் உட்கார்ந்தபடியே கழிந்துவிடும்.

அங்கே நிரந்தரவாசியானவர்களின் நிலை வேறு. மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்பீடு அவர்களுக்கு உண்டு. நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுத்தால் அதுவும் முடியும், சேமநிதிப் பணம் கைக்கு வரும். பணம் வருகிறது என்ற மகிழ்ச்சியில், அதன் ஒரு பகுதி நோய்க்கென்று சேர்ந்த பணம் என்பது மறந்துபோகிறது.

வளைகுடாவில் நாட்டுக்கு நாடு கதை மாறுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபி 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் துபாய் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. ஷார்ஜா, அஜ்மான் முதலிய மற்ற எமிரேட்டுகளில் தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கு இது 2025 ஜனவரி 1 முதல்தான் கட்டாயமானது. அந்த அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹம். நாள்பட்ட நோய் இருந்தாலும் காத்திருப்புக் காலம் கிடையாது. ஊருக்கு வந்தபின் தனியார் காப்பீட்டு முகவர் நீட்டும் விண்ணப்பத்தை நிரப்பும்போது, இந்த ஒரு வரியின் அருமை புரியும்.

அங்கே விசா ரத்தின்போது தொழிலாளி ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார். 'எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது' என்பது அதில் உள்ள பொருள். பணம் அப்புறம் வரும், முதலில் கையெழுத்து என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. கையெழுத்துப் போட்டபின் வராத பணத்தைக் கேட்பது, தன் கையெழுத்துக்கு எதிராகத் தானே வாதாடுவதாகிவிடும். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் உள்ள அமீரகத் தொழிலாளர் சட்டம் தெளிவாகவே சொல்கிறது: ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதன் பிறகு ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளமும் சர்வீஸ் பணமாகத் தர வேண்டும்; ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் தீர வேண்டும். இந்தப் பணம்தான் பலருக்கு ஊரில் முதல் ஆண்டு மருத்துவச் செலவைத் தாங்கும் ஒரே கையிருப்பு. ஆகவே கேன்சல் பேப்பரும் காப்பீடும் இருவேறு விஷயம் என்று நினைப்பது தவறு.

சவூதியில் காப்பீடு இக்காமா என்ற வசிப்பு அனுமதியோடு பிணைந்தது. ஃபைனல் எக்ஸிட் அடித்தபின் 60 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த 60 நாளை டிக்கெட் விலை குறைவதற்காகக் காத்திருப்பதில் செலவிடுகிறார்கள். எக்ஸிட் அடிப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போய் எல்லாப் பரிசோதனையையும் முடித்துக்கொள்வதுதான் சரி. கண், பல், ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு எடுக்க வேண்டிய எக்கோ என எல்லாவற்றையும் காப்பீடு உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அறிக்கைகளை ஆங்கிலத்தில் கேட்டு வாங்க வேண்டும். அரபியில் மட்டும் இருக்கும் அறிக்கையைத் தருமபுரியில் எந்த மருத்துவராலும் படிக்க முடியாது. பரிசோதனை முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொரு வகையினர் லீவில் வந்து அப்படியே நின்றுவிடுபவர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது என்று வந்தவர் திரும்பிப் போவதில்லை. கேன்சல் எதுவும் நடப்பதில்லை. அமீரகத்தில் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா தானாகக் காலாவதியாகும். அப்போது சர்வீஸ் பணமும் கைநழுவப் பார்க்கும். வங்கிக் கணக்கு, கடன் அட்டை, தொலைபேசி பாக்கி எல்லாம் அங்கே அப்படியே கிடக்கும். அந்த நாட்டு சிம்மை வீசிவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி போய்ச் சேர இடமில்லை; கணக்கை மூட முடியாமலும் பணத்தை எடுக்க முடியாமலும் தவிக்க வேண்டியதுதான். வங்கிக் கணக்கை முடித்தபிறகே சிம்மை முடிக்க வேண்டும் என்ற சின்ன வரிசையைக்கூட இங்கே சொல்லித்தர ஆளில்லை.

மலேசியாவில் பெர்மிட்டை முறையாக முடித்து வெளியேற, முதலாளி குடிநுழைவுத் துறையிடம் செக்அவுட் மெமோ வாங்கித்தர வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டார்கள். வேலையில் காயம்பட்டவர் அந்தப் பதிவை முடிக்காமல் கிளம்பக்கூடாது என்பது சிங்கப்பூருக்குச் சொன்னதேதான்.

ஐரோப்பாவுக்குப் போன பொறியாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஜெர்மனியில் வேலை நின்றாலும் அரசுக் காப்பீடு தானாக நிற்பதில்லை. ஊரைவிட்டுப் போகிறேன் என்று நகராட்சியில் பதிவு நீக்கம் செய்ய வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, கிளம்பிய இரண்டு வாரம் வரை அதற்கு அவகாசம். அந்தச் சான்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், ஆள் அங்கேயே இருப்பதாக எண்ணி உறுப்பினராகவே வைத்து மாதாமாதம் சந்தாவைக் கணக்கில் ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுபடி அந்நாட்டுக்குப் போக நினைக்கும்போது கடன் பாக்கி முன்னால் வந்து நிற்கும். பிரிட்டனுக்குப் போகும் பொறியாளர்கள் விசா எடுக்கும்போதே ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணமாகக் கட்டிவிடுகிறார்கள். பாதியில் திரும்பினால் மீதி வராது. அமெரிக்காவில் வேலை போனபின் சொந்தப் பணம் கட்டி 18 மாதம் வரை அதே காப்பீட்டைத் தொடரும் உரிமை பெரிய நிறுவனங்களில் உண்டு. ஆனால் அந்தத் தொகையைத் தாங்கும் சம்பளம் அப்போது இருக்காது.

இனி ஊருக்கு வருவோம்.

தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்றுதான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். வெளிநாட்டில் பதினைந்து ஆண்டு காப்பீட்டில் இருந்ததை இங்குள்ள நிறுவனம் கணக்கில் எடுக்காது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் காத்திருப்புக் காலத்தைச் சுமந்துசெல்லும் வசதி இந்திய நிறுவனங்களுக்குள்தான். பாலிசி எடுத்த முதல் 30 நாள், விபத்து தவிர எதற்கும் பணம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு இதற்கு முன் அதிகபட்சம் 48 மாதம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் 1 முதல் அதை 36 மாதமாகக் குறைத்தது. குறைந்த பின்னும் மூன்று ஆண்டு. துபாயில் கண்டுபிடித்த சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைத்தால் காத்திருக்க வேண்டாமே என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பியவருக்கு, படுத்த படுக்கையில் இருக்கும்போது நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் வரும். ஐந்தாண்டு தொடர்ந்து கட்டியபின், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது என்பது விதி. அந்த ஐந்தாண்டை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியுமா?

இதற்கு உருப்படியான வழி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும்போதே இந்தியப் பாலிசி எடுக்கலாம். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்குப் பல நிறுவனங்கள் தருகின்றன. திரும்புவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்தவருக்கு, ஊரில் கால் வைக்கும்போது காத்திருப்பு முடிந்திருக்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. நல்ல சம்பளக்காரருக்கு இது எட்டும். கட்டடத் தொழிலாளிக்கு எட்டாது.

கட்டடத் தொழிலாளிக்கு உரியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலை 23இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11இல் இப்போதைய பெயரில் மறுபடி தொடங்கப்பட்டு, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் காத்திருப்புக் காலமே இல்லை. பழைய நோய் என்று யாரும் ஒதுக்குவதில்லை. தனியார் பாலிசி மூன்றாண்டு காக்கவைக்கும் டயாலிசிஸை இந்த அட்டை உடனே தருகிறது. இந்த நாட்டில் ஏழைக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

அட்டைக்குள் நுழைய இரண்டு தாள் வேண்டும். ஒன்று ரேஷன் அட்டை. அதில் பெயர் இருக்க வேண்டும். இன்னொன்று கிராம நிர்வாக அலுவலர் வழியாக வரும் வருமானச் சான்று. பல ஆண்டு வெளிநாட்டில் இருந்தவர் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறதா என்பதே பல வீடுகளில் தெரியாது. சிலர் பெயரை நீக்கியிருப்பார்கள். முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள எல்லோரும் கைரேகை வைத்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற பணி அண்மை ஆண்டுகளில் நடந்தது. வெளிநாட்டில் இருந்தவர் கைரேகை எப்படி வைத்திருக்க முடியும்? வருமானச் சான்றிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. போன ஆண்டு துபாய்ச் சம்பளம், இந்த ஆண்டு ஒன்றுமில்லை. 'ஃபாரின்ல இருந்து வந்தவருக்கு ஏழைச் சான்றா' என்ற கேள்வி கிராமத்தில் எளிதாக எழுகிறது. கேன்சல் பேப்பரும் வெளியேறிய முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டும் அங்கேதான் பயன்படுகின்றன: சம்பளம் நின்றுவிட்டது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

பிற மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கும் தொழிலாளியும் உரிய சான்றோடு இந்தத் திட்டத்தில் சேரலாம் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. வெளிநாட்டிலிருந்து திரும்பிய சொந்த மாநிலத்தவருக்கும் அப்படியொரு தனி வரி வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

பெங்களூரிலோ ஓசூரிலோ இஎஸ்ஐ பிடித்தம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புபவரோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை போதிய நாள் சந்தா கட்டியவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியவருக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. மார்ச் கடைசியில் வேலையை விட்டு நல்லம்பள்ளிக்கு வந்து உட்கார்ந்தவர், அந்த டிசம்பர் வரை வெறுங்கையர் இல்லை. இதுகூடத் தெரியாமல், வேலை போனதும் இஎஸ்ஐ அட்டையைப் பரணில் போட்டுவிட்டுத் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வேலை நின்று ஊர் திரும்பிய பின்னும் சில மாதம் நீளும் பாதுகாப்பு என்ற இந்த எண்ணம் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போனவர் விஷயத்தில் இல்லை.

மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா 2003 முதல் இருக்கிறது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடா போகிறவர்களுக்குக் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும். ஏஜென்ட் விண்ணப்பத்தோடு சேர்த்து எடுத்துவிடுவதால், தன் பெயரில் இப்படியொரு பாலிசி ஓடுவதே பலருக்குத் தெரிவதில்லை. கிளம்பும்போது வீட்டில் ஒரு நகல் இருந்தால், கேடு ஒன்று வந்தாலும் குடும்பம் கையறு நிலையில் நிற்காது.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலவாரியம் அடையாள அட்டை தருகிறது. விபத்துக்கும் கடும் நோய்க்கும் காப்பீட்டு ஏற்பாடும் செய்திருக்கிறது. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாக அரசு கொண்டாடுகிறது. ஆனால் பதிவு பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவரை நோக்கியது. கேரளம் 2025 செப்டம்பரில் நோர்கா கேர் என்ற மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியபோதும் இதே குறை எழுந்தது: நாட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு இடம் இருந்தது, உழைத்துக் களைத்துத் திரும்பியவருக்குத் தொடக்கத்தில் இடம் இல்லை. வளைகுடா அனுபவம் அரை நூற்றாண்டாக ஊறிய கேரளத்திலேயே இப்படி என்றால், தருமபுரியில் திரும்பியவர் கண்ணில் படாமல் போவதில் வியப்பில்லை.

எந்த அட்டையும் இல்லாதவருக்கும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்து யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அத்திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வந்த முதல் வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் மாத்திரை இடையில் நிற்காது. தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்தால், 2021 டிசம்பர் 18 முதல் நடக்கும் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை எவருக்கும் இலவசம். எந்த ஊர், எந்த நாடு, எந்த அட்டை என்ற கேள்வியே இல்லை. விபத்தில் அடிபட்டவரிடம் அட்டை கேட்கக்கூடாது என்று அரசு முடிவெடுத்தபோது அது நடந்தது.

அதே மனம் திரும்பி வருபவருக்கும் வர வேண்டும். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே வீட்டார் ரேஷன் அட்டையைப் பார்த்து, பெயர் இல்லையென்றால் எதெது தேவை என்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டு வைக்கலாம். வந்து இறங்கியதும் கைரேகை, பெயர் சேர்ப்பு, வருமானச் சான்று, பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையம் என்று வரிசையாகப் போனால் இடைவெளி சில வாரங்களில் அடைபடும். இது தனி மனிதர் செய்யக்கூடியது. அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது: வெளியேற்ற முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டையும் கேன்சல் பேப்பரையும் காட்டினால், வருமானச் சான்று வரும்வரை ஆறு மாதத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வது. தருமபுரி போன்ற மாவட்டத்தில் ஓராண்டில் அப்படி வருவோர் எண்ணிக்கை பெரிதாக இருக்காது, செலவும் பெரிதாகாது. அவர்களில் எவருக்கு அந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.